நிறம் போனது, உப்பு நின்றது: திருப்பூர் சாயக்கழிவில் கனிம வினையூக்கிக்கு எங்கே இடம்?

ஒரு கிலோ பனியன் துணிக்குக் கறுப்புச் சாயம் ஏற்ற என்னென்ன செலவாகிறது என்று முதலில் கணக்குப் போட்டுவிடலாம். அடர் கறுப்புக்குத் துணியின் எடையில் சுமார் 5% சாயம், அதாவது 50 கிராம். பருத்தி இழையோடு வினைபுரிந்து ஒட்டும் ரியாக்டிவ் சாயத்தில் 70% துணியில் பிடித்தாலே நல்ல பிடிப்புதான். மீதி 15 கிராம் தண்ணீரோடு போகும். சாஃப்ட் ஃப்ளோ என்ற சாயமேற்றும் மெஷினில் கிலோவுக்கு 7 லிட்டர் தண்ணீர், லிட்டருக்கு 70 கிராம் உப்பு என்று வைத்தால் உப்பு மட்டும் 490 கிராம். அதில் எதுவும் துணியில் தங்குவதில்லை. சாயத்தைத் துணிப் பக்கம் தள்ளிவிடுவதோடு அதன் வேலை முடிந்துவிடுகிறது, மொத்தமும் கழிவில் வந்து சேர்கிறது.

15 கிராம் சாயம், 490 கிராம் உப்பு. இரும்புத் தாதுவைப் போட்டோம், கடற்கரை மணலைப் போட்டோம், களிமண்ணைப் போட்டோம், சாயத்தண்ணீர் அரை மணி நேரத்தில் பளிங்குபோல ஆனது என்று வரும் ஆய்வுச் செய்திகளை இந்த இரண்டு எண்களோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும். அந்தச் செய்திகள் பொய்யில்லை. ஆனால் அவை அந்த 15 கிராமைப் பற்றியவை. திருப்பூரின் சாயப்பட்டறைகளை மூட வைத்தது அந்த 490 கிராம் உப்பு.

அப்படியானால் கனிம வினையூக்கிகளால், அதாவது வினையை விரைவுபடுத்தும் இந்தக் கல், மணல் வகைகளால், திருப்பூருக்குப் பயனே இல்லையா? இருக்கிறது என்றுதான் நினைக்கிறேன். ஆனால் பலரும் வைக்கச் சொல்லும் இடத்தில் இல்லை.

நொய்யலில் நடந்தது

வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோவை, திருப்பூர் வழியாக வந்து, கரூர் மாவட்டத்தில் காவிரியோடு சேருகிறது நொய்யல். ஆண்டு முழுக்கப் பெருகி ஓடும் ஆறு அல்ல. பின்னலாடை ஏற்றுமதி வளர வளர சாயப்பட்டறைகளும் பெருகின. மழையில்லாத மாதங்களில் திருப்பூருக்குக் கீழே ஆற்றில் ஓடியது பெரும்பாலும் ஊர்ச் சாக்கடையும் பட்டறைத் தண்ணீரும்தான். 1992-இல் ஒரத்துப்பாளையத்தில் பாசனத்துக்காக அணை கட்டி முடித்தார்கள். சில ஆண்டுகளிலேயே அது சாயக்கழிவு தேங்கும் குட்டையாகிவிட்டது. தண்ணீர் திறக்கச் சொல்லிக் கேட்க வேண்டிய விவசாயிகள், இந்தத் தண்ணீர் எங்களுக்கு வேண்டாம் என்று சொல்லும் நிலைக்கு வந்தார்கள். சுற்றுவட்டாரக் கிணறுகளில் உப்பு ஏறியது.

அந்தக் காலத்துப் பொது சுத்திகரிப்பு நிலையங்கள் என்ன செய்தன என்பது இங்கே முக்கியம். சுண்ணாம்பும் ஃபெரஸ் சல்பேட் என்ற இரும்பு உப்பும் போட்டுச் சாயத்தைத் திரிய வைத்து, அடியில் இறங்கிய சேற்றைப் பிரித்து, தெளிந்த தண்ணீரை ஆற்றில் விட்டார்கள். கண்ணுக்கு நிறம் குறைந்தது. கரைந்திருந்த உப்பு அப்படியே போனது, போட்ட ரசாயனத்தின் உப்பும் அதோடு சேர்ந்துகொண்டது.

நொய்யல் ஆயக்கட்டுதாரர்கள், அதாவது ஆற்றுப் பாசன விவசாயிகள், தொடுத்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2006 டிசம்பரில் ஒரு சொட்டுக் கழிவும் வெளியே போகக்கூடாது என்ற நிலைக்குப் பட்டறைகளைக் கொண்டுவந்தது. அதுவரை வெளியேற்றும் கழிவுக்கு லிட்டர் கணக்கில் தொகை கட்ட வேண்டும் என்றது. 2009 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அப்புறமும் நிலைமை சீராகவில்லை. 2011 ஜனவரி 28 அன்று திருப்பூரின் சாயப்பட்டறைகள் அனைத்தையும், பொது சுத்திகரிப்பு நிலையங்களோடு சேர்த்து மூடச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. 700-க்கும் மேற்பட்ட பட்டறைகள் நின்றன. பின்னர் தமிழக அரசு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் கொடுத்தது. உயிரியல் சுத்திகரிப்பு, வடிகட்டி, ஆர்.ஓ. (மெம்பிரேன் என்ற மெல்லிய சவ்வால் உப்பைப் பிரிக்கும் முறை), ஆவியாக்கி என்று ஒன்றன்பின் ஒன்றாக வைத்து, தண்ணீரையும் உப்பையும் மீட்டு மறுபடி பட்டறைக்கே அனுப்பும் முறையோடு நிலையங்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன.

இந்த வழக்கு முழுவதும் திரும்பத் திரும்ப வரும் எண், லிட்டருக்கு 2,100 மில்லிகிராம் டி.டி.எஸ்., அதாவது கரைந்திருக்கும் மொத்த உப்பு, என்ற வரம்பு. ஒரு சாய மூலக்கூறை எவ்வளவு அழகாக உடைத்தாலும் அந்த எண் இறங்காது. சாயம் சிதைந்தால் அதில் இருக்கும் கந்தகம் சல்பேட்டாகவும் நைட்ரஜன் நைட்ரேட்டாகவோ அம்மோனியமாகவோ தண்ணீரிலேயே நிற்கும்.

கல் என்ன செய்கிறது

இந்த வேதியியலைச் சாயப்பட்டறைக்காரருக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஹைட்ரஜன் பெராக்சைடால் துணியை வெளுக்கும் பிளீச்சிங் செய்யும்போது துணியில் துரு பட்டிருந்தால் அந்த இடத்தில் ஓட்டை விழும் என்பது எந்த டையிங் மாஸ்டருக்கும் தெரியும். இரும்பு பெராக்சைடை உடைத்து ஹைட்ராக்சில் ரேடிக்கல் என்ற மிக வேகமான பொருளை உண்டாக்குகிறது. அது பக்கத்தில் இருக்கும் பருத்தி இழையை அரித்துவிடுகிறது. துணியில் நாம் பயப்படும் இதே வினையைக் கழிவுத் தொட்டியில் சாயத்தின் மேல் ஏவிவிடுவதுதான் மொத்த யோசனையும்.

1894-இல் கேம்பிரிட்ஜில் ஹென்றி ஃபென்டன் இதை எழுதி வைத்தார். அவர் எடுத்துக்கொண்டது சாயத்தை அல்ல; டார்டாரிக் அமிலத்தை, அதாவது நம் புளியில் இருக்கும் அமிலத்தை. இரும்பு உப்பு ஒரு துளி இருந்தால் பெராக்சைடு அதை வேகமாக ஆக்சிஜனேற்றம் செய்கிறது என்று கண்டார். ரேடிக்கல்தான் காரணம் என்ற விளக்கம் ஹேபர், வெய்ஸ் இருவரும் எழுதியதிலிருந்து 1930-களில் வந்தது. அதன் ஆற்றல் எவ்வளவு என்று பார்க்க ஆக்சிஜனேற்ற மின்னழுத்தத்தைப் பார்த்தால் போதும்: குளோரின் 1.36 வோல்ட், பெராக்சைடு 1.78, ஓசோன் 2.07, ஹைட்ராக்சில் ரேடிக்கல் 2.8. ஆயுள்தான் மிகக் குறைவு; பிறந்த இடத்திலேயே எதன்மேலாவது மோதி முடிந்துவிடும்.

கரைந்த இரும்பைப் போட்டுச் செய்யும் பழைய ஃபென்டன் முறையில் இரண்டு தொல்லைகள். தண்ணீரின் பி.எச். (அமில அளவு; 7 நடுநிலை, குறையக் குறைய அமிலம்) 3-ஐ ஒட்டி இருந்தால்தான் நன்றாக ஓடும். இன்னொன்று சேறு. ஒரு லிட்டருக்கு 500 மில்லிகிராம் ஃபெரஸ் சல்பேட் போட்டால் அதில் இரும்பு 100 மில்லிகிராம், பி.எச்.-ஐ ஏற்றி அதை வெளியே எடுக்கும்போது ஏறக்குறைய 190 மில்லிகிராம் இரும்பு ஹைட்ராக்சைடு. நாளுக்கு 1,000 கன மீட்டர் வரும் நிலையத்தில் அது 190 கிலோ உலர் சேறு. பிழிந்த கேக்காகப் பார்த்தால் முக்கால் டன்னுக்கு மேல், தினமும். திருப்பூர் நிலையங்களின் முற்றங்களில் சேற்று மூட்டைகள் அடுக்கிக் கிடந்ததைப் பார்த்தவர்களுக்கு இது வெறும் எண் இல்லை.

இரும்பைக் கரைசலாகப் போடாமல் கல்லாகப் போட்டால் என்ன என்ற கேள்வி இங்கேதான் வருகிறது. மேக்னடைட்டில், அதாவது காந்தத் தாதுவில், எடையில் 72% இரும்பு. அதில் மூன்றில் ஒரு பங்கு, பெராக்சைடை உடைக்கும் ஃபெரஸ் நிலையிலேயே படிகத்துக்குள் உட்கார்ந்திருக்கிறது. வினை துகளின் மேற்பரப்பில் நடக்கிறது. வேலை முடிந்ததும் ஒரு காந்தத்தைக் காட்டினால் துகள் ஒதுங்கும், அடுத்த தொட்டிக்கு மறுபடி அதையே போடலாம். சேறு பெரும்பகுதி குறைகிறது. தைவானில் இதையே வேறு வழியில் செய்தார்கள்: மணல் துகள்களை நீரோட்டத்தில் மிதக்க வைத்து, ஃபென்டன் வினையில் வரும் இரும்பு சேறாகாமல் அந்த மணலின்மேல் கோதைட் போன்ற இரும்பு ஆக்சைடு பூச்சாகப் படிய வைத்தார்கள். படிந்த பூச்சு தானும் வினையூக்கியாகிவிடுகிறது. சேற்றைக் குறைப்பதுதான் அங்கும் முதல் நோக்கம்.

டைட்டானியம் டை ஆக்சைடு வேறு வகை. 1972-இல் ஜப்பானின் ஃபுஜிஷிமாவும் ஹோண்டாவும் அதன்மேல் ஒளி பட்டால் தண்ணீரே பிளவுபடுகிறது என்று காட்டிய பிறகு உலகமெங்கும் ஆய்வுக்கூடங்கள் அதன் பின்னால் ஓடின. அதன் அனட்டேஸ் என்ற படிக வடிவத்துக்கு 388 நானோமீட்டருக்குக் குறைவான புற ஊதா ஒளி வேண்டும். வெயிலில் அந்தப் பகுதி 5% அளவுதான். அதைவிடப் பெரிய தடை சாயத்தண்ணீரே. கறுப்புச் சாயம் கலந்த தண்ணீரில் ஒளி உள்ளே இறங்காது, மேல் தோலோடு நின்றுவிடும். திருப்பூரில் வெயிலுக்குக் குறைவில்லை என்பதை வைத்து இதைப் பரிந்துரைப்பவர்கள் உண்டு. அடர்ந்த கழிவுக்கு இது சரிப்பட்டு வராது என்பது என் முடிவு. தெளிந்த தண்ணீரில் மிச்சமிருக்கும் கடைசிச் சொச்சத்துக்கு வேண்டுமானால் பார்க்கலாம்.

பீக்கருக்குள் பார்த்தால்

ரியாக்டிவ் பிளாக் 5 என்பது இந்தத் தொழிலின் அன்றாடக் கறுப்பு. நடுவே ஒரு நாப்தலீன் கரு, அதன் இரு பக்கமும் ஒவ்வொரு அசோ பிணைப்பு (நிறம் தரும் நைட்ரஜன் இணைப்பு), இரு முனையிலும் துணியைப் பிடிக்கும் வினைல் சல்போன் கைகள். மூலக்கூறு எடை 990-க்கு மேல். தண்ணீரோடு வினைபுரிந்துவிட்ட சாயத்தின் கைகள் துணியைப் பிடிக்காது; கழிவில் வருவது அதுதான்.

இதைக் கரைத்த கருநீலத் தண்ணீரில் பி.எச்.-ஐ 3-க்கு இறக்கி, பொடித்த மேக்னடைட்டைப் போட்டுக் கலக்கி, பெராக்சைடை ஊற்றினால் முதலில் சிறிது நேரம் பெரிதாக ஒன்றும் தெரியாது. பிறகு நீலம் கலங்கிய ஊதாவாகி, சாம்பலாகி, வெளிர் மஞ்சளில் வந்து நிற்கும். அந்த மஞ்சள் எளிதில் போகாது. அசோ பிணைப்பு உடைந்ததால் நீலம் போனது; உடைந்த பென்சீன், நாப்தலீன் துண்டுகள் தண்ணீரில்தான் இருக்கின்றன. நிற நீக்கம் 98% என்று எழுதும் அதே கணத்தில் கரிமக் கார்பன், அதாவது அந்தத் துண்டுகளில் இருக்கும் கார்பன், பாதிக்கு மேல் மிச்சமிருக்கலாம். துண்டுகளில் சில, உடையாத சாயத்தைவிட நச்சு கூடியவையாகவும் இருக்கக்கூடும். நிறத்தை மட்டும் அளந்து வெற்றி என்று சொல்லும் எந்த அறிக்கையையும் நான் பாதி அறிக்கையாகத்தான் எடுத்துக்கொள்வேன்.

அதே பீக்கரில் பி.எச்.-ஐ இறக்காமல் செய்து பார்த்தால் இன்னொன்று தெரியும். பெராக்சைடை ஊற்றியதும் துகள்களைச் சுற்றி நுரை நுரையாகக் குமிழி வரும். பார்க்க உற்சாகமாக இருக்கும், வினை பிய்த்துக்கொண்டு ஓடுவதாகத் தோன்றும். அந்தக் குமிழி ஆக்சிஜன். பெராக்சைடு ரேடிக்கலாக மாறாமல் தண்ணீராகவும் ஆக்சிஜனாகவும் வீணாகப் பிரிந்து போகிறது. நடுநிலை பி.எச்.-இல் இரும்பு ஆக்சைடுகளின்மேல் இந்த வீண் வழியில்தான் பெராக்சைடின் பெரும்பகுதி போகும். நிறம் கொஞ்சம் குறைந்திருந்தாலும் பெராக்சைடு காலி.

நிறம் குறைந்ததே வினையால்தானா என்பதும் கேள்வி. மேக்னடைட்டின் மேற்பரப்பு, பி.எச். ஏறக்குறைய 6.5-க்குக் கீழே நேர் மின்னூட்டம் பெறும். ரியாக்டிவ் சாயங்கள் எதிர் மின்னூட்டம் கொண்டவை. ஆகவே அமிலத் தண்ணீரில் சாயம் கல்லின்மேல் போய் ஒட்டிக்கொள்ளும். தண்ணீர் தெளிந்துவிடும், சாயம் சிதைந்திருக்காது. பெராக்சைடே போடாமல் கல்லை மட்டும் போட்டு ஒரு பீக்கர் வைத்து ஒப்பிட வேண்டும். பயன்படுத்திய கல்லைக் காரத் தண்ணீரில் அலசினால் நிறம் திரும்ப வருகிறதா என்றும் பார்க்க வேண்டும். இது இல்லாத ஆய்வை நம்பிப் பணம் போடக்கூடாது.

அதேபோல, வேலை செய்தது கல்லா, கல்லிலிருந்து கரைந்த இரும்பா? பி.எச். 3-இல் எந்த இரும்புத் தாதுவும் கொஞ்சம் கரையும். வினையின் நடுவில் துகளை வடிகட்டி எடுத்துவிட்டு, வடிநீரில் நிறம் தொடர்ந்து குறைகிறதா என்று பார்த்தால் விடை தெரிந்துவிடும். அதே வேகத்தில் குறைந்தால் நாம் செய்திருப்பது பழைய ஃபென்டன்தான், கல் என்ற பெயரில்.

கஞ்சமலைக் கல்லும் மணவாளக்குறிச்சி மணலும்

திருப்பூரிலிருந்து தூரமில்லை, சேலம் கஞ்சமலை மேக்னடைட் குவார்ட்சைட்டுக்குப் பேர்போனது. 19-ஆம் நூற்றாண்டில் பரங்கிப்பேட்டை இரும்பாலைக்குச் சேலத்துத் தாதுதான் போனது. மேக்னடைட்டும் குவார்ட்சும் வரிவரியாகப் படிந்த கல் இது. பொடித்துக் காந்தத்தால் பிரித்தால் மேக்னடைட் தனியாக வரும். தெற்கே மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் இல்மனைட், ரூட்டைல், சிர்க்கான், கார்னெட், மோனசைட் எல்லாம் கலந்த கறுப்பு மணல். இல்மனைட்டில் ஃபெரஸ் இரும்பும் டைட்டானியமும் சேர்ந்தே இருப்பதால் ஃபென்டன் வினைக்கும் ஒளி வினைக்கும் இரண்டுக்கும் ஆய்வாளர்கள் அதைப் பயன்படுத்துகிறார்கள். ஆனால் பிரிக்காத மணலை அப்படியே அள்ளிப் போட முடியாது. மோனசைட்டில் தோரியம் இருக்கிறது.

இயற்கைத் தாதுவின் குறை, மேற்பரப்பு. ஆய்வுக்கூடத்தில் செய்யும் நானோ மேக்னடைட்டுக்குக் கிராமுக்குப் பல பத்துச் சதுர மீட்டர் மேற்பரப்பு இருக்கும். அரைத்த கல்லுக்கு ஒன்றிரண்டுகூட வராது. வேகம் அந்த அளவுக்குக் குறையும். போகப் போக மேற்பரப்பில் இருக்கும் ஃபெரஸ் தீர்ந்து, துகளின் மேல் மேக்ஹீமைட் என்ற ஃபெரஸ் இல்லாத இரும்பு ஆக்சைடுத் தோல் படர்ந்து, இன்னும் மந்தமாகும். பல சுற்றுக்குப் பயன்படும் என்று எழுதுபவர்கள் பெரும்பாலும் ஐந்தாறு சுற்றோடு நிறுத்திக்கொள்கிறார்கள். சுத்திகரிப்பு நிலையம் அந்த ஐந்தாறு சுற்றை ஒரே நாளில் முடித்துவிடும்.

இருந்தாலும் நான் கல்லின் பக்கம்தான் நிற்கிறேன், காரணம் அளவு. நாளுக்கு 1,000 கன மீட்டர், இரண்டு மணி நேரத் தங்கல், கன மீட்டருக்கு ஒரு கிலோ தாது என்று வைத்துக்கொண்டால் தொட்டியில் எந்த நேரமும் இருக்க வேண்டியது சுமார் 83 கிலோ. பத்து மடங்கு அடர்த்தியாகப் போட்டாலும் ஒரு லாரிக்குக் காணாது. இதற்காக எந்த மலையையும் புதிதாகக் குடைய வேண்டியதில்லை. கவுத்திமலை, வேடியப்பன்மலை என்று இரும்புத் தாது உள்ள மலைகளைச் சுரங்கத்திலிருந்து காக்க மக்கள் போராடியிருக்கும் நாட்டில் இதைச் சொல்லாமல் விடக்கூடாது. எஃகு உருட்டும்போது உதிரும் செதிலிலும் மேக்னடைட் நிறைய இருக்கிறது, அதுவும் போதும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஆலையின் செதிலை மட்டும் தொடக்கூடாது. அதில் குரோமியம் வரும்.

எங்கே வைப்பது

ஆற்றில் விடும் வாய்க்காலின் முனையில் வைக்கலாம் என்ற யோசனையை 2,100 என்ற எண்ணே தள்ளுபடி செய்துவிடுகிறது.

பட்டறையிலிருந்து வரும் பச்சைக் கழிவில், எல்லாவற்றுக்கும் முன்னால் வைக்கலாமா? பெராக்சைடு கணக்கைப் பார்ப்போம். சி.ஓ.டி. என்பது கழிவில் உள்ள கரிமப் பொருளை ஆக்சிஜனேற்றத் தேவைப்படும் ஆக்சிஜனின் அளவு. ஒரு கிராம் சி.ஓ.டி.-யை முழுக்க ஆக்சிஜனேற்றம் செய்ய 2.125 கிராம் பெராக்சைடு வேண்டும், அதுவும் ஒரு துளி வீணாகாமல். சி.ஓ.டி. லிட்டருக்கு 1,000 மில்லிகிராம் என்றால் 1,000 கன மீட்டருக்கு 50% பெராக்சைடு 4.25 டன், ஒவ்வொரு நாளும். ஸ்டார்ச், சோப், மெழுகு என்று நுண்ணுயிர் இலவசமாகத் தின்றுவிடும் பொருளுக்கெல்லாம் இந்த விலை கொடுப்பது வீண். கழிவின் காரத்தன்மை 1,000 மில்லிகிராம் இருந்தால் பி.எச்.-ஐ இறக்கவே கன மீட்டருக்கு ஏறக்குறைய ஒரு கிலோ கந்தக அமிலம் போகும். அது சல்பேட்டாக உப்புக் கணக்கில் ஏறும்.

உயிரியல் தொட்டிக்குப் பின்னால், ஆர்.ஓ.-வுக்கு முன்னால்? காகிதத்தில் இதுதான் மிக அழகான இடம். நுண்ணுயிர் தின்ன முடியாத சாயத்துண்டுகள் மட்டும் மிச்சம், சி.ஓ.டி. குறைவு, பெராக்சைடும் குறைவு. ஆர்.ஓ. மெம்பிரேனில் கரிமப் படிவும் குறையும். ஆனால் மெம்பிரேன் பாலிஅமைடு. பெராக்சைடு மிச்சமிருந்து, கூடவே இரும்பும் இருந்தால் நாம் சாயத்துக்குச் செய்த அதே வினை மெம்பிரேனுக்கும் நடக்கும். பருத்தித் துணியில் விழுந்த ஓட்டை இங்கே பல லட்சம் ரூபாய் மெம்பிரேனில் விழும். தாதுத் துகள் ஒரு துளி தப்பிப் போகக்கூடாது, கரைந்த இரும்பு லிட்டருக்கு 0.1 மில்லிகிராமுக்குக் கீழே இருக்க வேண்டும், பெராக்சைடு பூச்சியமாக வேண்டும். கடைசியானதற்கு வழி பட்டறையிலேயே இருக்கிறது: பிளீச்சிங் முடிந்ததும் போடும் பெராக்சைடு கில்லர், கேட்டலேஸ் நொதி. பி.எச்.-ஐ நடுநிலைக்குக் கொண்டுவந்த பிறகு போட வேண்டும், அமிலத்தில் நொதி செத்துவிடும். செய்ய முடியாத வேலை இல்லை. ஆனால் இரவு ஷிப்டில் ஒரு பம்ப் நின்றாலும் சேதம் மெம்பிரேனில் முடியும் என்பதால் முதல் முயற்சியை இங்கே வைக்க எனக்கு மனமில்லை.

நான் வைக்கச் சொல்லும் இடம் ஆர்.ஓ.-வுக்குப் பின்னால், கழித்து ஒதுக்கப்படும் உப்புத் தண்ணீரில்.

லிட்டருக்கு 6 கிராம் உப்புள்ள தண்ணீரிலிருந்து 85%-ஐ ஆர்.ஓ. நல்ல தண்ணீராக எடுத்துவிட்டால் மீதி 15%-இல் உப்பு லிட்டருக்கு 40 கிராமாக ஏறியிருக்கும். பட்டறைக்குத் தேவைப்படும் உப்புக் கரைசலுக்கு இது பாதி தூரம் வந்த சரக்கு. இன்னும் கொஞ்சம் சுண்ட வைத்து நேராகச் சாயத்தொட்டிக்கே அனுப்பினால் புது உப்பு வாங்க வேண்டாம், ஆவியாக்கிக்கு எரிக்கும் எரிபொருளும் மிச்சம். திருப்பூரில் அருள்புரம் நிலையத்தில் இந்த உப்புக் கரைசல் மறுபயன்பாட்டைச் செய்து காட்டிய பிறகு மற்ற நிலையங்களும் அந்த வழிக்கு வந்தன. அங்கே இடிக்கும் ஒன்று, உப்போடு சேர்ந்து செறிந்து நிற்கும் நிறமும் கரிமப் பொருளும்தான். நிறம் இருந்தால் அந்தக் கரைசலை அடர் நிறங்களுக்கு மட்டும் பயன்படுத்தலாம். சுண்டவைத்துப் படிகமாக்கினாலும் சுத்தமான சோடியம் சல்பேட் போக மிச்சம் அழுக்கேறிய கலப்பு உப்பாக நிற்கிறது. அதை யாரும் வாங்குவதில்லை. நிலையத்துக் கொட்டகையில் மூட்டை மூட்டையாக அடுக்கிக் கிடக்கும் அந்தக் கலப்பு உப்புதான் ஜீரோ டிஸ்சார்ஜ் முறையின் தீராத பாக்கி.

கல்லால் உப்பை நீக்க முடியாது. ஆனால் 490 கிராம் உப்போடு ஒட்டி நிற்கும் 15 கிராமின் மிச்சத்தை நீக்கி, உப்பை மறுபடி உப்பாகப் பயன்பட வைக்க முடியும். இங்கே தண்ணீரின் அளவு ஏழில் ஒரு பங்குதான். தொட்டியும் தாதுவும் அதற்கேற்பச் சிறிது. பெராக்சைடு குறையாது, அது கரிமப் பொருளின் மொத்த எடையைப் பொறுத்தது. ஆனால் செறிவு கூடியிருப்பதால் ரேடிக்கல் வீணாகாமல் சாயத்துண்டைச் சந்திக்கும் வாய்ப்பு கூடும். கேட்டலேஸ் போடுவதில் ஒரு நாள் தவறினாலும் அடுத்து உடைய மெம்பிரேன் இல்லை.

இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. பட்டறைகள் எந்த உப்பைப் பயன்படுத்துகின்றன என்பது. சாதாரண உப்பு என்றால் குளோரைடு. அமிலச் சூழலில் குளோரைடு ஹைட்ராக்சில் ரேடிக்கலைப் பிடித்துக் குளோரின் ரேடிக்கலாக மாற்றிவிடும். வேகம் குறைவதோடு, சாயத்துண்டுகளில் குளோரின் ஏறிய புதுப் பொருள்கள் உருவாகும். ஒரு கேட்டை நீக்கப் போய் இன்னொன்றை உண்டாக்குவதில் எனக்குச் சம்மதமில்லை. சோடியம் சல்பேட்டில் இந்தத் தொல்லை மிகக் குறைவு. சல்பேட் இரும்பைக் கொஞ்சம் கட்டிப்போட்டு வினையை மெதுவாக்கும், அவ்வளவுதான். நேரத்தைக் கூட்டிச் சமாளிக்கலாம். ஆகவே ஒரே நிலையத்துக்குக் கழிவு அனுப்பும் பட்டறைகள் எல்லாம் சல்பேட்டுக்கு மாறிய இடங்களில் மட்டும் இதை முயல வேண்டும். பத்துப் பட்டறையில் இரண்டு பேர் விலை குறைவென்று சாதாரண உப்பைக் கொட்டினாலும் கெட்டுவிடும்.

அளப்பதில் உள்ள பொறிகள்

உப்புக் கரைசலில் சி.ஓ.டி. சோதனையை நம்ப முடியாது. மிச்சமிருக்கும் ஒவ்வொரு கிராம் பெராக்சைடும் 0.47 கிராம் சி.ஓ.டி.-யாகக் காட்டும்; நன்றாகச் சிதைத்த தண்ணீர்கூடச் சிதைக்காததைவிட மோசமாகத் தெரியும். குளோரைடு ஒரு கிராமுக்கு 0.226 கிராம் கூட்டிக் காட்டும், அதை மறைக்கப் பாதரச சல்பேட் போட வேண்டும், லிட்டருக்கு 40 கிராம் உப்பில் அது ஈடுகொடுக்காது. பெராக்சைடை முழுக்கக் கொன்ற பிறகு கரிமக் கார்பனை அளப்பதுதான் நேர் வழி. அந்தக் கருவி இல்லாத நிலையம் வெளியே கொடுத்தாவது அளக்க வேண்டும்.

ஒரு முறை சுத்தமாக வந்தது என்பதும் போதாது. இது சுற்றிச் சுற்றி வரும் உப்பு. ஒவ்வொரு சுற்றிலும் சிதையாமல் தப்பும் அசிட்டிக், ஆக்சாலிக் போன்ற சிறு அமிலங்கள் கரைசலிலேயே தங்கிச் சேர்ந்துகொண்டே போகும். ஆக்சாலிக் அமிலம் இரும்பை இறுகப் பிடித்துக் கல்லிலிருந்து கரைத்தும் விடும். ஆகவே அதே உப்பை இருபது, முப்பது சுற்று ஓடவிட்டு, ஒவ்வொரு சுற்றிலும் கரிமக் கார்பனையும் கரைந்த இரும்பையும் குறித்து, இரண்டும் ஒரு மட்டத்தில் நிற்கின்றனவா ஏறிக்கொண்டே போகின்றனவா என்று பார்க்க வேண்டும்.

கடைசிச் சோதனையைச் சுத்திகரிப்பு நிலையத்தின் ஆய்வகத்தில் செய்யக்கூடாது, பட்டறையின் சாம்பிள் மெஷினில் செய்ய வேண்டும். அதுவும் கறுப்பில் அல்ல. கறுப்பு எந்த அழுக்கையும் மறைத்துவிடும். வெளிர் ரோஸ், வெளிர் ஆகாய நீலம் போன்ற இரண்டு மூன்று நிறங்களை எடுத்து, பாதித் துணியைப் புது உப்பிலும் பாதித் துணியைக் கல்லால் சுத்தமாக்கிய உப்பிலும் ஒரே ரெசிப்பியில் ஏற்ற வேண்டும். கரைசலில் பெராக்சைடு மிச்சமிருந்தால் நிறம் வெளுத்து வரும்; இரும்பு இருந்தால் மங்கி வரும். இரண்டையும் ஸ்பெக்ட்ரோ என்ற நிறமளக்கும் கருவியில் வைத்துப் பார்த்து, நிற வேறுபாட்டைக் காட்டும் டெல்டா ஈ 1-க்குள் நின்று, துவைப்புச் சோதனையிலும் இரண்டும் ஒன்றுபோல வந்தால், அப்போது டையிங் மாஸ்டரிடம் இந்த உப்பை அடுத்த லாட்டில் போடச் சொல்லலாம்.